சிரட்டையைக் கவிழ்க்கக் கூலி கொடுங்கள்: ரப்பர் விளைகளும் டெங்குவும் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டச் சுகாதாரத் துறையினர், அரசு ரப்பர் கழக நிர்வாகம், ஊராட்சி, பேரூராட்சி நிர்வாகங்கள், ரப்பர் விளை (தோட்டம்) வைத்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குலசேகரம், திருவட்டாறு, அருமனை, கடையாலுமூடு, பேச்சிப்பாறை, கீரிப்பாறை வட்டாரங்களில் டெங்குத் தடுப்பு வேலை பெரும்பாலும் வீட்டு முற்றத்தோடு நின்றுவிடுகிறது. அது ரப்பர் விளைக்குள் போக வேண்டும். பால் வெட்டு (மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பது) நின்றிருக்கும் காலத்தில், பால் பிடிக்க மரத்தில் கம்பி வளையத்தில் வைத்த தேங்காய்ச் சிரட்டை ஒவ்வொன்றையும் வாரம் ஒருமுறை கொட்டி, தேய்த்து, கவிழ்த்து வைக்க ஒருவர் பொறுப்பாக வேண்டும். அவருக்கு அதற்கென்று கூலி கிடைக்க வேண்டும்.

டெங்குவைப் பரப்பும் கொசுக்கள் இரண்டு. ஏடிஸ் ஈஜிப்டி மனிதரோடு ஒட்டி வாழ்வது. தொட்டி, பேரல், ஃப்ரிட்ஜின் பின்தட்டு போன்றவை அதன் இடம். ஏடிஸ் ஆல்போபிக்டஸ் மரநிழலையும் ஈரத்தையும் தேடிப் போவது. காட்டில் மரப்பொந்திலும் மூங்கில் குற்றியிலும் முட்டையிட்டுப் பழகிய அந்தக் கொசுவுக்கு, நிழலில் மழைநீரோடு தொங்கும் சிரட்டை நல்ல வசதி. 2007-இல் கேரளத்தின் பத்தனம்திட்டை, கோட்டயம் பக்கத்து ரப்பர் பகுதிகளில் சிக்குன்குனியா பரவியதற்கு இந்தக் கொசுவே முக்கியக் காரணம். அதன் உடலில் எளிதாகப் பெருகும்படி வைரசும் மாறியிருந்தது. கேரளத்தின் முதல் ஜிகா தொற்று 2021 ஜூலையில் பதிவானது பாறசாலைப் பகுதியில். நம் எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து அது சில கிலோமீட்டர்தான். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் சுமப்பது இதே கொசுக்கள் என்பதால், ஒன்றுக்குச் செய்யும் தடுப்பு வேலை மூன்றுக்கும் ஆகும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடும். ஆண்டில் பாதிக்கு மேல் ஈரம். இடையிடையே அடிக்கும் வெயில்தான் இன்னும் மோசம். அடைமழை கொட்டும்போது சிரட்டை நிரம்பி வழிவதில் கொசுப்புழுக்களும் அடித்துப் போகும். நான்கு நாள் மழை, பத்து நாள் வெயில் என்று மாறி மாறி வரும்போதுதான் அவை வளர்ந்து கொசுவாகப் பறக்க நாள் கிடைக்கிறது. முட்டை கொசுவாவதற்கு நம் ஊர் வெப்பத்தில் 7 முதல் 10 நாள் போதும்.

ஒரு ஏக்கர் ரப்பர் விளையில் ஏறக்குறைய 180 மரம், அப்படியென்றால் 180 சிரட்டை. நூற்றுக்குப் பத்தில் மட்டும் புழு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் இருபது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சுற்றில் ஓர் ஏக்கர் 360 கொசுக்களை வெளியே விடுகிறது. இந்தக் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள்ளேயே சுற்றும். நம் ஊரில் வீடுகள் விளைக்குள்ளேயே இருக்கின்றன. அடுக்களைக் கதவைத் திறந்தால் பத்தடியில் முதல் மரம்.

அதே சமயம் எல்லா விளையையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு நடக்கும் விளையில் ஆபத்து குறைவு. தொழிலாளி வந்ததும் ஒட்டுப்பாலை (சிரட்டையில் உறைந்து ஒட்டிய பாலை) உரித்து, தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கத்தியை வைப்பார். அந்தச் சிரட்டையில் புழு வளர்ந்து முடிக்க நாள் கிடைக்காது. ஆபத்து முழுவதும் வெட்டு நின்ற விளையில்தான். வெட்டு நிற்பதற்குக் காரணங்கள் பல: ரெயின்கார்டு (வெட்டும் பட்டையில் மழை படாமல் மரத்தைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக்) ஒட்டாததால் மழைக்காலம் முழுக்க நிறுத்துவது, விலை சரிந்ததால் கட்டுப்படியாகாமல் விடுவது, பால்வெட்ட ஆள் கிடைக்காதது, குத்தகை மாறுவது, பாகப்பிரிவினை வழக்கு, உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பது, விற்ற மரத்தை முறிக்க நாள் பார்த்துக்கொண்டிருப்பது. இந்த விளைகளில் சிரட்டை கம்பியில் மல்லாந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் சாய்த்த ரப்பருக்குப் பதிலாக மறுவருடம் வைத்த கன்றுகள் இப்போது வெட்டுக்கு வரும் வயதில் இருக்கின்றன. அந்த விளைகளிலும் புதிதாகச் சிரட்டை ஏறும்.

சுகாதாரத் துறையிடம் எங்கள் முதல் கோரிக்கை இதிலிருந்து வருகிறது. மே மாதம் முடியுமுன் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் வெட்டு நின்ற விளைகளின் பட்டியல் ஒன்று எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் இருக்கிறது; எந்த விளையில் வெட்டு இல்லை என்பது ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் பால் எடுக்கும் கடைக்காரருக்கும் தெரியும். பால் வரவில்லை என்றால் வெட்டு இல்லை. இந்த மூவரையும் ஒருநாள் உட்கார வைத்தால் பட்டியல் தயார். செப்டம்பரில், வடகிழக்கு மழைக்கு முன், அதை ஒருமுறை திருத்தினால் போதும்.

அடுத்தது கணக்கெடுக்கும் முறை. கொசுப்புழு ஆய்வில் பார்ப்பது வீட்டுக் குறியீடும் பிரெட்டோ குறியீடும். நூறு வீட்டைப் பார்த்தால் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது முதலாவது. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு இருந்தது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடிப்படை அலகு வீடுதான். வீட்டுத் தொட்டியில் புழு இல்லை, பின்னால் கிடக்கும் 180 சிரட்டையை யாரும் பார்க்கவில்லை என்றால், அந்த வீடு கணக்கில் சுத்தம். இப்படி வரும் குறியீட்டை வைத்து ஊர் பத்திரமாக இருக்கிறது என்று முடிவு கட்டினால் தவறாகும். ஆய்வுப் படிவத்தில் விளைக்கென்று தனிப் பத்தி வேண்டும். ஒரு விளையில் ஓரத்து வரிசை இரண்டு, நடுவரிசை மூன்று என ஐந்து வரிசை எடுத்து, வரிசைக்குப் பத்து மரமாக 50 சிரட்டை பார்த்தால் அரை மணி நேரத்தில் முடியும். தண்ணீர் நின்றவை எத்தனை, புழு இருந்தவை எத்தனை என்ற இரண்டு எண் போதும்.

பார்க்கும் விதமும் முக்கியம். ரப்பர் பாலின் கறையால் சிரட்டைத் தண்ணீர் பழுப்பாக இருக்கும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆள் நிழல் பட்டதும் புழு நெளிந்து அடிக்குப் போய்விடும். அதனால் தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்போதுதான் நெளிவது தெரியும்.

இனி, கவிழ்ப்பது எப்படி என்று விவரமாகச் சொல்கிறோம். இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். தண்ணீரைத் தட்டிவிட்டு அப்படியே மறுபடி கம்பியில் வைத்தால் வேலை பாதிதான் முடிந்தது. ஏடிஸ் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சிரட்டையின் உள்பக்கத்தில் கருப்புப் பொட்டாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழை அதைத் தொட்டதும் பொரிக்கும். எனவே முதலில் உலர்ந்த ஒட்டுப்பாலையும் ஓரத்தில் படிந்த பால் படலத்தையும் உரித்தெடுக்க வேண்டும். பிறகு உள்பக்கத்தைச் சுற்றிலும், குறிப்பாக விளிம்பிலிருந்து இரண்டு விரல் அளவுக்கு, தென்னங்கதம்பை (தேங்காய் மட்டை) நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு வாய் கீழே பார்க்கும்படி கம்பி வளையத்திலேயே கவிழ்த்து வைக்கலாம். கம்பி தளர்ந்து சிரட்டை சாய்ந்தால் மறுபடி தண்ணீர் பிடிக்கும். அந்தக் கம்பியை அப்போதே இறுக்கிவிட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் வெட்டு இருக்காது என்று தெரிந்தால் சிரட்டைகளைக் கழற்றிச் சாக்கில் கட்டி, மழை படாத இடத்தில் வைப்பதே நல்லது. மரத்தடியில் குவித்துப் போட்டுவிட்டுப் போவது எல்லாவற்றிலும் மோசம். 180 இடத்தில் இருந்த ஆபத்து ஒரே குவியலாகும், அதற்குள் யாரும் கைவிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

உடைந்த சிரட்டை, ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் கப் எதையும் விளையில் வீசக் கூடாது. ரெயின்கார்டு பிளாஸ்டிக்கின் மடிப்பு மேல்நோக்கி இருந்தால் அதுவே சின்னத் தொட்டி. ஒட்டும்போதே மடிப்பைக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். ஊடுபயிராக அன்னாசி போட்ட இளம் விளையில் இலைக்கணுக்களில் தண்ணீர் தேங்கும். அதைக் கவிழ்க்க முடியாது. வீட்டை ஒட்டிய சில வரிசைகளிலாவது அன்னாசியைத் தவிர்த்துவிடலாம். வெட்டிய மூங்கில் குற்றியின் வாயில் மணலோ மண்ணோ நிரப்ப வேண்டும். கமுகம்பாளை, எலி துளைத்த தேங்காய், கதம்பைக் குவியல் ஆகியவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும்.

நடையோடு சேர்த்து மரத்துக்கு 15 நொடி என்று கணக்கிட்டால் 300 மரத்துக்கு 75 நிமிடம். வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேர வேலை. இது ஏன் நடக்கவில்லை? தொழிலாளியின் சோம்பல் என்று சொல்வது அநியாயம். அவருக்குக் கூலி வெட்டும் மரத்துக்கு, அல்லது கிடைக்கும் பாலில் பங்கு. வெட்டு இல்லாத நாளில் அவருக்கு வருமானமே இல்லை. அந்த நாளில் மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, 300 சிரட்டையைச் சும்மா கவிழ்க்கச் சொல்வது எப்படி நியாயமாகும்? உரிமையாளருக்கோ அதனால் கண்ணுக்குத் தெரியும் லாபம் இல்லை. இருவருக்கும் நடுவே வேலை விழுந்துவிடுகிறது. துண்டுப் பிரசுரம் எத்தனை கொடுத்தாலும் இந்த இடைவெளி அடையாது. கூலி ஒன்றுதான் அடைக்கும்.

அரசு ரப்பர் கழகம் இதைத் தொடங்கி வைக்கலாம். கீரிப்பாறையிலிருந்து சிற்றாறு வரை பரந்த தோட்டங்கள் அதனிடம் இருக்கின்றன. வேலையாட்களும் மேற்பார்வையாளர்களும் இருக்கிறார்கள். மழையால் வெட்டு நின்ற நாட்களில் சிரட்டைக் கவிழ்ப்பை வருகைப் பதிவேட்டில் ஏறும் கூலி வேலையாக அறிவியுங்கள். தொழிலாளிக்கு வேலையற்ற நாளில் கூலி, குடியிருப்புக்குக் கொசுவிலிருந்து விடுதலை. தனியார் பெருந்தோட்டங்கள் இதைப் பார்த்துப் பின்பற்ற வேண்டும். பின்பற்றாவிட்டால் பின்பற்ற வைக்க வேண்டும். ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு: பத்துப் பதினைந்து விளைக்காரர்கள் சேர்ந்து ஒரு தொழிலாளியை வாரக் கூலிக்கு அமர்த்தலாம். ஒவ்வொருவருக்கும் வரும் பங்கு ஒரு காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனைச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

உரிமையாளர் ஊரிலேயே இல்லாத விளைகளுக்குச் சட்டம் இருக்கிறது. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், தேங்கும் தண்ணீரில் கொசு வளர விடுவதைத் தடுக்கத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. டயர்க் கடைக்கும் கட்டுமான இடத்துக்கும் நோட்டீஸ் கொடுக்கும் கை ரப்பர் விளைக்கும் நீள வேண்டும். முதலில் நோட்டீஸ், பிறகு ஊராட்சியோ பேரூராட்சியோ ஆள்விட்டுக் கவிழ்த்து அந்தச் செலவை உரிமையாளரிடம் வசூலிப்பது என்ற வரிசையில் போகலாம். அபராதம் போட்டுவிட்டுச் சிரட்டையை மல்லாந்தபடியே விட்டுவருவதால் ஒரு கொசுகூடக் குறையாது.

காய்ச்சல் கூடியதும் வழக்கமாக நடப்பவற்றைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சாலையோரம் வெள்ளைக் கோடாகத் தூவும் பிளீச்சிங் பவுடர் ஏடிஸ் கொசுவை ஒன்றும் செய்யாது. அந்தப் பவுடர் குடிநீர்த் தொட்டிக்குள் போக வேண்டியது. புகைமருந்து பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும், அதுவும் அந்த நேரத்துக்கு. சிரட்டையில் இருக்கும் புழு மறுநாள் கொசுவாகி வரும். நோய் உறுதியான வீட்டைச் சுற்றி, வைரஸ் ஏறிய கொசுவை உடனே குறைக்கப் புகை உதவும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. அடர்ந்த ரப்பர் விளைக்குள் அது சரியாகப் பரவுவதும் இல்லை. கொசுப்புழுவைக் கொல்லும் டெமிஃபாஸ் மருந்து, கொட்டிக் கழுவ முடியாத வீட்டுத் தொட்டிக்கு நல்லது. ஒரு சதவீதக் குருணை என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். சிரட்டையில் அதைப் போடுவது வீண், ஒரு மழையில் வழிந்துவிடும். நிலவேம்புக் குடிநீரை விரும்புகிறவர்கள் குடிக்கட்டும். அதைக் கொடுத்துவிட்டதால் தடுப்பு வேலை முடிந்தது என்று மட்டும் யாரும் கணக்குக் காட்டக் கூடாது.

கடற்கரை ஊர்களின் நிலைமை வேறு. குடிநீர் பல நாளுக்கு ஒருமுறை வரும் இடத்தில் மக்கள் பேரலில் பிடித்து வைக்கத்தான் செய்வார்கள். அங்கே வளர்வது ஏடிஸ் ஈஜிப்டி. பேரலின் வாயைத் துணியால் மூடிக் கயிற்றால் கட்டுவதும், வாரம் ஒருமுறை காலி செய்து சுவரைத் தேய்ப்பதும் குடும்பத்தின் வேலை. தண்ணீரை ஒழுங்காகக் கொடுப்பது அரசின் வேலை. இரண்டாவது நடக்காமல் முதலாவதை மட்டும் கேட்க முடியாது.

விளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா வீட்டிலும் பார்க்க வேண்டியவை சில. ஃப்ரிட்ஜின் பின்தட்டு. வெளியே போட்டுவிட்ட ஆட்டுரலின் குழி. மொட்டைமாடியில் மூடி பறந்த தண்ணீர்த்தொட்டி. ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தில் மல்லாந்து கிடக்கும் டிஷ்கள் (பால் உறைய ஊற்றும் தட்டுகள்). கிணற்றுக்கு வலை போடலாம். கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீனும் விடலாம். குளத்திலும் ஆற்றிலும் அந்த மீனை விடாதீர்கள், நாட்டு மீன்களை அது கெடுக்கும்.

ஆல்போபிக்டஸ் பகலில் கடிப்பது. விடிந்ததும், பொழுது சாயும் முன்னும் அதிகம். பால்வெட்டுத் தொழிலாளி விளையில் நிற்பதும் விடியலை ஒட்டிய அந்த நேரத்தில்தான். முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, திறந்த தோலில் கொசுவிரட்டிக் களிம்பு ஆகியவற்றை உரிமையாளர் வாங்கித் தர வேண்டும். கத்தி வாங்கிக் கொடுப்பது எப்படியோ இதுவும் அப்படியே.

காய்ச்சல் வந்த வீட்டுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். முதல் ஐந்தாறு நாள் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அப்போது கடிக்கும் கொசு 8 முதல் 12 நாளில் அடுத்தவருக்குப் பரப்பத் தயாராகிவிடும். அதனால் நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். குழந்தைக்கு எடையைப் பார்த்து, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். மெடிக்கல் ஷாப்பில் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்’ என்று மாத்திரை வாங்குவதும், ஊசி போட்டால்தான் கேட்கும் என்று வற்புறுத்துவதும் இங்கேதான் ஆபத்தாக முடிகிறது. வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்காமல் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், இளநீர், ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் கலந்த ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும். சிறுநீர் எத்தனை முறை போகிறது என்று கவனியுங்கள். ஆறு மணி நேரமாகப் போகவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போதுதான் டெங்குவின் மோசமான கட்டம். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகும். அந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கலாம். ‘காய்ச்சல் விட்டது, பிள்ளை தூங்குது’ என்று நிம்மதியாக விடும் நேரம் அதுதான். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, அசாதாரணச் சோர்வு அல்லது எரிச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே போகாதவரை பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை. ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் ஹீமட்டோக்ரிட் அளவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். டெங்குவைக் கண்டறிய முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 (வைரசின் புரதத்தைத் தேடுவது), அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். (உடலின் எதிர்ப்பொருளைத் தேடுவது) ரத்தப் பரிசோதனை. நாள் தவறிச் செய்தால் டெங்கு இருந்தும் இல்லை என்று வரலாம்.

அரசிடம் இன்னும் இரண்டு கோரிக்கைகள். பரிசோதனை முடிவு வரும்வரை களப்பணி காத்திருக்கக் கூடாது. ஒரே பகுதியில் ஒரே வாரம் இரண்டு மூன்று காய்ச்சல் தெரிந்ததும் 48 மணி நேரத்துக்குள் அந்த வீடுகளைச் சுற்றி 200 மீட்டருக்குள் இருக்கும் முற்றம், கிணறு, விளை அனைத்தையும் பார்த்துவிட வேண்டும். எல்லையோர மக்கள் பலர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் சிகிச்சைக்குப் போகிறார்கள். அங்கே கண்டறியப்படும் நோயாளியின் விவரம் இங்குள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அன்றே வந்து சேர, இரு மாவட்ட சுகாதார அலுவலர்களும் நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். மாநில எல்லை கடந்து கோப்பு சுற்றி வருவதற்குள் கொசுவின் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

வெட்டு நின்ற விளைகளின் பட்டியலை அந்தந்த ஊராட்சி, பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஜூன் முதல் வாரத்துக்குள் ஒட்டுங்கள். சர்வே எண், மரங்களின் எண்ணிக்கை, கவிழ்ப்பதற்குப் பொறுப்பானவர், கடைசியாகக் கவிழ்த்த தேதி ஆகிய நான்கு பத்திகள் அதில் இருக்கட்டும். கடைசிப் பத்தியை வாரந்தோறும் சுகாதார ஆய்வாளர் நேரில் பார்த்து நிரப்ப வேண்டும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பணியிலும் ரப்பர் தொழிலிலும் இருக்கும் குமரி மாவட்டத்தினர் சிலர்